மீண்டும் மாணவரான வழக்குரைஞர்

சட்டம் ஏட்டில் இருக்கிறது. ஆயினும், ஏட்டிலிருக்கும் சட்டம் தானாகவே நடந்து சென்று எவர் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. அதனைக் கற்றறிந்த ஒருவர் இடையில் நின்று எடுத்துரைத்தால்தான், அச்சட்டம் தரும் உரிமை உரியவர் கைக்கு வந்து சேருகின்றது. இடையில் நிற்பவர் பழைய சட்டத்தை மட்டுமே அறிந்தவராயின், நாடாளுமன்றம் வழங்கிய புதிய உரிமை அவருடைய மேசையோடு நின்றுவிடும். ஆகவே, வழக்குரைஞர் எவ்வாறு கற்கிறார், பட்டம் பெற்ற பின்னரும் கற்கிறாரா என்னும் வினாக்கள் அத்தொழிலாரை மட்டும் சார்ந்தவையல்ல. அவரிடம் செல்லும் பொதுமக்களையும் சார்ந்தவையே. இதற்கு இங்கிலாந்து நாட்டுச் சொலிசிட்டர்களின் வரலாறு தக்கதொரு சான்றாகும்.

இங்கிலாந்தில் வழக்குரைஞர் இரு கிளையினர். உயர்நீதிமன்றத்தில் எழுந்து வாதாடுவதைத் தலையாய பணியாகக் கொண்டவர் பாரிஸ்டர். கட்சிக்காரரை நேரில் கண்டு, அவர் குறையைக் கேட்டு, ஆவணங்களைத் திரட்டி, வழக்கை உருவாக்குபவர் சொலிசிட்டர். மணமுறிவு, பிள்ளைகளின் பராமரிப்பு, வீடு, கடன், விபத்து இழப்பீடு ஆகிய எதுவாயினும், குடிமகன் முதலில் சென்று அமர்வது சொலிசிட்டரின் முன்தான். முதல் அறிவுரை பிழையானால் பின்வருவன எல்லாம் பிழைபடுதல் இயல்பே.

எழுத்தராயிருந்து கற்ற காலம்

1729ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று, இத்தொழிலில் புக விரும்புவோர் ஐந்தாண்டுகள் ஒரு வழக்குரைஞரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு பயிற்சி எழுத்தராய்ப் பணியாற்ற வேண்டும் என விதித்தது. அதன்பின் நீதிபதி ஒருவர் அவருடைய தகுதியை ஆராய வேண்டும் என்பதும் விதி. ஆனால் அவ்வாராய்ச்சி நெடுங்காலம் வெறும் சடங்காகவே இருந்து வந்தது. எனவே, பயிற்சி என்பது ஆசானைப் பொறுத்ததாயிற்று. நல்லவர் வாய்த்தால் இளைஞன் தொழிலைக் கற்றான். வாய்க்காவிடில், ஆவணங்களைப் படியெடுத்தே ஐந்தாண்டுகளையும் கழித்தான். உடன்படிக்கைக்குப் பணமும் முத்திரை வரியும் செலுத்த வேண்டியிருந்தமையால், எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அக்கதவு திறக்கவில்லை.

1825இல் இலண்டன் சொலிசிட்டர்கள் ஒன்றுகூடித் தம் தொழிலின் மதிப்பை உயர்த்தும் நோக்குடன் ஒரு கழகம் கண்டனர். 1831இல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. பிற்காலத்தில் 'லா சொசைட்டி' எனப் பெயர் பெற்ற சட்டக் கழகம் இதுவே. இக்கழகம் 1833இல் பயிற்சி எழுத்தருக்கென விரிவுரைகளைத் தொடங்கியது. 1836இல் எழுத்துத் தேர்வும் வந்தது. 'யாரிடம் பயின்றாய்?' என்று கேட்ட நிலை மாறி, 'என்ன அறிந்தாய்?' என்று கேட்கும் நிலை உருவானது அவ்வாண்டில்தான் எனலாம்.

எனினும் குறை நீங்கிவிடவில்லை. 1846இல் நாடாளுமன்றத் தெரிவுக்குழுவொன்று சட்டக் கல்வியை ஆராய்ந்து, இங்கிலாந்தில் அப்பெயருக்குத் தகுதியான பொதுக்கல்வி ஏதுமில்லை என்று வெளிப்படையாகவே கூறிற்று. அதன்பின் 1860ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கத் தேர்வையும் இடைநிலைத் தேர்வையும் ஏற்படுத்தியது. 1877ஆம் ஆண்டுச் சட்டம் தேர்வு நடத்தும் பொறுப்பைக் கழகத்திடமே ஒப்படைத்தது. 1903இல் கழகம் தனக்கென ஒரு சட்டப்பள்ளியை நிறுவிற்று. 1962இல் அப்பள்ளி தனியார் பயிற்சி நிலையம் ஒன்றுடன் இணைந்து சட்டக் கல்லூரியாக உருவெடுத்தது.

பெண்களுக்கு இக்கல்வி நெடுநாள் மறுக்கப்பட்டே இருந்தது. தேர்வெழுத அனுமதி வேண்டி வழக்குத் தொடுத்த பெண்களுக்கு எதிராகவே 1913இலும், மேல்முறையீட்டில் 1914க்குள்ளும் தீர்ப்பு அமைந்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் பால்வேற்றுமையால் விளைந்த தடையை நீக்கியது. 1922 டிசம்பரில் கேரி மோரிசன் என்பார் இங்கிலாந்தின் முதல் பெண் சொலிசிட்டராகப் பதிவு பெற்றார். குடும்ப வழக்குகளில் பாதிப்பேர் பெண்கள்; ஆயினும் அவ்வாண்டுவரை அவர்களுக்கு அறிவுரை கூறிய சொலிசிட்டர் அனைவரும் ஆடவரே என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மணவாழ்வும் மாறிவந்த சட்டமும்

அக்காலத்துக் கல்விமுறையில் ஓர் எண்ணம் வேரூன்றி இருந்தது. ஒருமுறை கற்றுத் தேர்வில் வென்றவர் வாழ்நாள் முழுவதற்கும் கற்றவரே என்பதுதான் அது. சட்டம் மெல்ல மாறிய நாளில் அவ்வெண்ணத்தால் பெருங்கேடு விளையவில்லை.

குடும்பச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1858 தொடங்கும்வரை திருமண வழக்குகள் சமய நீதிமன்றங்களின் பொறுப்பில் இருந்தன. மணவுறவை முற்றிலும் முறித்து மறுமணம் செய்துகொள்ள வேண்டுமாயின், நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. செல்வர்களுக்கன்றிப் பிறருக்கு அஃது இயலாத செயல். 1857ஆம் ஆண்டுச் சட்டம் மணவிலக்கைப் பொது நீதிமன்றத்தின் கைக்குக் கொண்டு வந்தது. ஆனால் கணவன் மனைவியின் பிறழ்நடத்தை ஒன்றையே காட்டி விலக்குப் பெறலாம். மனைவியோ கணவனின் பிறழ்நடத்தையோடு கொடுமை, கைவிடல் போன்ற மற்றொரு குற்றத்தையும் நிறுவியாக வேண்டும். இந்த ஓரவஞ்சனை நீங்க 1923 வரை காத்திருக்க நேர்ந்தது. 1937இல் கொடுமை, கைவிடல் முதலியனவும் தனிக் காரணங்களாக ஏற்கப்பட்டன. 1949ஆம் ஆண்டுச் சட்ட உதவித் திட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தபின், பொருளற்றோரும் மணவிலக்கு மனுவுடன் சொலிசிட்டரை நாடினர்.

ஒரு தலைமுறைக்கு ஒருமுறை மாறிய சட்டத்தை, ஒருவர் தம் தொழிலினூடே தெரிந்துகொள்ள முடிந்தது. 1971இல் அந்த நிலை மாறியது.

ஆறு திங்களில் மாறிய விடை

1970 சூலையில் பிரபுக்கள் சபை ஒரு வழக்கைத் தீர்த்தது. 1951இல் வாங்கப்பட்ட வீடு கணவன் பெயரில் இருந்தது. மனைவி வேலைக்குச் சென்று சம்பாதித்தவர். வீட்டுப் பொருள்களுக்கும் புல்வெளி அமைப்பதற்கும் 220 பவுன் செலவிட்டவர். திருமணம் முறிந்தபோது வீட்டில் தமக்கும் பங்குண்டு என்று கேட்டார். வீட்டை வாங்குவதற்கு அவர் பணம் தந்ததாகவோ, பங்கு தருவதாக இருவரிடையே இணக்கம் இருந்ததாகவோ சான்று இல்லை. எனவே பங்கும் இல்லை எனத் தீர்ப்பாயிற்று. பல்லாண்டுக் குடும்ப வாழ்வைக் கருதி வீட்டைப் பங்கிட்டுத் தரும் அதிகாரம் அன்றைய சட்டத்தில் நீதிமன்றத்திற்கு இல்லை.

அதன்பின் ஆறு திங்களும் முழுமையாகக் கழியவில்லை. 1971 சனவரி முதல் நாளன்று இரு சட்டங்கள் ஒருங்கே நடைமுறைக்கு வந்தன. ஒன்று, 1969ஆம் ஆண்டு மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். மணவாழ்வு மீட்கவியலாதபடி சிதைந்துவிட்டதே விலக்கிற்குரிய ஒரே அடிப்படை என்று அது கூறியது. மற்றொன்று, 1970ஆம் ஆண்டுத் திருமண வழக்கு, சொத்துச் சட்டம். வீடு யார் பெயரில் இருப்பினும், இல்லத்தைப் பேணியவரின் உழைப்பையும் எண்ணிப்பார்த்து, சொத்தை மாற்றித்தரும் அதிகாரத்தை நீதிமன்றத்திற்கு அது வழங்கிற்று. இவ்விரண்டும் பின்னர் 1973ஆம் ஆண்டுத் திருமண வழக்குச் சட்டத்தில் தொகுக்கப்பட்டன.

இதன் விளைவைச் சற்றே சிந்திக்க வேண்டும். 1970 இறுதியில் ஒரு பெண் சொலிசிட்டரிடம் சென்று, 'வீட்டில் எனக்குப் பங்குண்டா?' என்று கேட்டிருந்தால், 'இல்லை' என்பதே பெரும்பாலும் சரியான விடை. 1971 தொடக்கத்தில் அதே வினாவிற்கு 'இல்லை' என்று கூறியிருந்தால் அது பெரும்பிழை. வினா மாறவில்லை, வினவியவரின் துன்பமும் மாறவில்லை. மாறியது சட்டம். அதனைச் சொலிசிட்டர் அறிந்தாரா, இல்லையா என்பதைப் பொறுத்தே அப்பெண்ணின் தலைக்குமேல் கூரை நின்றது.

புதிய சட்டத்தில் மற்றொரு நுட்பமும் இருந்தது. மணவிலக்குப் பெற்றவர் முன்னாள் துணையிடம் சொத்துரிமை கோரி மனுச் செய்வதற்கு முன்னரே மறுமணம் செய்துகொண்டால், அவ்வாறு மனுச் செய்யும் உரிமையையே இழந்துவிடுவார். மனு ஒன்றை முன்கூட்டியே தாக்கல் செய்துவிட்டால் உரிமை காக்கப்படும். ஒரு படிவத்தில் ஒரு வரியை நிரப்பாது விடுவதால் வாழ்நாள் உழைப்பே கைநழுவக்கூடும். இத்தகைய செய்தியைத் தம் அறையில் தனித்திருந்து ஒருவர் காணாது விட்டுவிடலாம். பலர் கூடிக் கற்கும் இடத்தில் எவரேனும் ஒருவர் அதனை எடுத்துரைப்பார். கருத்தரங்கின் தேவை இங்குதான் விளங்குகின்றது.

கருத்தரங்குகளின் வளர்ச்சி

அதே 1971ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சட்டக் கல்வி பற்றிய குழுவொன்றின் அறிக்கை வெளிவந்தது. குழுவின் தலைவர் நீதிபதி சர் ரோசர் ஆர்ம்ராடு. இவர் மருத்துவமும் கற்றவர். மணவிலக்கு வழக்குகளைக் கேட்டுத் தீர்த்த நீதிபதியும் ஆவார். சட்டக்கல்வி மூன்று படிகளை உடையது என்று அவ்வறிக்கை வகுத்தது. பல்கலைக்கழகப் படிப்பு முதற்படி. தொழிற்பயிற்சி இரண்டாம் படி. தொழிலில் புகுந்தபின் தொடர்ந்து கற்றல் மூன்றாம் படி. கற்றல் முடிவதில்லை என்பதைத் திட்டவட்டமாக ஏட்டில் பொறித்ததே இதன் சிறப்பாகும்.

ஆயினும் மூன்றாம் படி கட்டாயமாக மேலும் பதினான்கு ஆண்டுகள் கடந்தன. 1985இல் புதிதாகப் பதிவு பெறும் சொலிசிட்டர்களுக்குத் தொடர்பயிற்சி கட்டாயமாயிற்று. 1998க்குள் மூத்தோர் இளையோர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் அது விதியாயிற்று. ஆண்டொன்றுக்கு 16 மணிநேரம் என்பது பின்னர் நிலைபெற்ற கணக்கு. முப்பதாண்டுத் தொழில் அனுபவம் உடையவரும் நேற்றுப் பதிவு பெற்றவரும் ஒரே பலகையில் அமர்ந்து குறிப்பெடுக்கும் நிலை தோன்றியது.

இத்தகைய பயிலரங்குகளில் என்னதான் நடைபெறுகின்றது? முதலில், புதிய சட்டத்தின் பிரிவுகளும் அண்மைத் தீர்ப்புகளும் விளக்கப்பெறும். அடுத்து, கற்பனையான ஒரு குடும்பத்தின் நிலை தாளில் அச்சிட்டுத் தரப்படும். கணவனின் ஊதியம் இவ்வளவு, வீட்டுக்கடன் இவ்வளவு, பிள்ளைகள் இருவர், ஓய்வூதியம் உண்டு என்றவாறு அஃது அமையும். பங்கேற்போர் சிறு குழுக்களாகப் பிரிந்து, இப்பெண்ணுக்கு என்ன அறிவுரை கூறுவது, எந்த மனுவை எப்போது அளிப்பது என ஆராய்வர். சில பயிலரங்குகளில் ஒருவர் கட்சிக்காரராகவும் மற்றொருவர் சொலிசிட்டராகவும் நடித்துக் காட்டுவர். அழுதுகொண்டு வருபவரிடம் எதனை முதலில் கேட்பது, எதனைப் பிறகு கேட்பது என்பதும் கற்க வேண்டிய கலையே.

1982இல் குடும்ப வழக்குச் சொலிசிட்டர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் ஒன்றை அமைத்தனர். பகைமையை வளர்க்காமலும், பிள்ளைகளின் நலனை முன்னிறுத்தியும் வழக்கை நடத்த வேண்டும் என்னும் நடத்தை நெறியை அது வகுத்தது. சூடான சொற்களால் கடிதம் எழுதுவதே திறமை என்று எண்ணியிருந்தோருக்கு, அமைதியான கடிதமே வழக்கை விரைவில் முடிக்கும் எனக் கற்பிக்க வேண்டியதாயிற்று. சட்ட அறிவோடு மனப்பாங்கும் பயிற்சிக்குரிய பொருளாயிற்று.

1989ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டம் 1991 அக்டோபர் 14இல் நடைமுறைக்கு வந்தபோது, இப்பயிற்சியின் பயன் நாடறிய விளங்கியது. 'கஸ்டடி', 'ஆக்சஸ்' என்ற பழஞ்சொற்கள் மணவிலக்கு வழக்குகளிலிருந்து விலக்கப்பட்டன. பிள்ளை பெற்றோரில் ஒருவர் வெல்லும் பரிசன்று. பிரிந்த பின்னரும் இருவரும் பெற்றோரே என்பதே அதன் கருத்து. சட்டம் இயற்றப்பட்டதற்கும் நடைமுறைக்கு வந்ததற்கும் இடையே இரண்டாண்டு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் நீதிபதிகள், சொலிசிட்டர்கள், சமூகநலப் பணியாளர்கள் முதலியோருக்குப் பரந்த அளவில் பயிற்சி அளிக்கப்பட்டது. சட்டத்தை முதலில் கற்பித்துப் பின்னர் நடைமுறைப்படுத்தும் இம்முறை பாராட்டத்தக்கது.

உரிமையியல் வழக்கில் நேர்ந்த மாற்றம்

குடும்ப வழக்கிற்கு நேர்ந்தது பிற உரிமையியல் வழக்குகளுக்கும் நேர்ந்தது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. கோரிய தொகையைவிடச் செலவு மிகுந்தது. இதனை ஆராய 1994இல் ஊல்ஃப் பிரபு அமர்த்தப்பட்டார். 1996 சூலையில் அவருடைய இறுதி அறிக்கை வெளிவந்தது. அதன் வழியே பிறந்த உரிமையியல் நடைமுறை விதிகள் 1999 ஏப்ரல் 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன.

வழக்குகளை நீதியாக நடத்துவதே தலையாய நோக்கம் என்று முதல் விதியே கூறிற்று. சிறு வழக்கு, விரைவு வழக்கு, பெரு வழக்கு என மூன்று தடங்கள் வகுக்கப்பட்டன. வழக்கின் வேகத்தைக் கட்சிகள் முடிவு செய்த நிலை மாறி, நீதிபதியே கால அட்டவணை வகுக்கலானார். பழகிய கலைச்சொற்கள் பல மறைந்தன. ஆண்டுகள் பலவாய்ப் பழைய விதிநூலை மனப்பாடமாய் அறிந்திருந்தோரும் அந்நாளில் தொடக்கநிலை மாணவர் போலாயினர். குறித்த நாளில் குறித்த செயலைச் செய்யத் தவறினால் வழக்கே தள்ளுபடியாகலாம் என்ற நிலையில், பயிற்சி விருப்பத்திற்குரிய ஒன்றாக இல்லை; கட்சிக்காரருக்குச் செலுத்த வேண்டிய கடமையாயிற்று.

மணிக்கணக்கும் மெய்யறிவும்

எந்த ஏற்பாட்டிலும் குறையுண்டு. மணிநேரத்தை எண்ணும் முறையில், வந்தமர்ந்து கையெழுத்திட்டுச் செல்வோரும் கற்றவராகவே கணக்கிடப்பட்டனர். குடும்ப வழக்கு நடத்துபவர் தமக்குத் தொடர்பில்லாத பொருளைக் கேட்டும் மணிநேரத்தை நிறைக்க இயன்றது. ஆகவே 2016 நவம்பர் முதல் நாளிலிருந்து 16 மணிநேர விதி கைவிடப்பட்டது. தம் பணிக்கு எது தேவை என்பதைத் தாமே ஆராய்ந்து, கற்று, அதனைப் பதிவு செய்யும் பொறுப்பு ஒவ்வொரு சொலிசிட்டர்மீதும் வைக்கப்பட்டது. சோம்பலுக்கு இடந்தருவது என்று இதனைக் குறை கூறுவோரும் உளர். முதிர்ந்தவரை முதிர்ந்தவராக நடத்துவது என்று போற்றுவோரும் உளர்.

இதற்கிடையில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. 2013 ஏப்ரல் முதல், வன்முறைக்கு ஆளானோர் போன்ற சிலர் தவிர, தனியார் குடும்ப வழக்குகளில் பெரும்பாலோருக்கு அரசின் சட்ட உதவி நிறுத்தப்பட்டது. அதனால் வழக்குரைஞர் துணையின்றித் தாமே நீதிமன்றம் ஏறுவோர் பெருகினர். எவ்வளவுதான் நன்கு பயின்ற சொலிசிட்டர் இருப்பினும், அவரை அணுக ஏழைக்கு வழியில்லையாயின் அப்பயிற்சி யாருக்குப் பயன்படும்? பயிற்சியும் சட்ட உதவியும் ஒரே வண்டியின் இரு சக்கரங்கள் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

சட்டமோ ஓய்வதில்லை. 2021 செப்டம்பரில் சொலிசிட்டர் ஆவதற்கே புதிய பொதுத்தேர்வு முறை வந்தது. 2022 ஏப்ரல் 6 முதல், எவர்மீதும் பழி சுமத்தாமல் மணவிலக்குக் கோரும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1971இல் கற்றவை அன்று பழஞ்செய்தியாயின.

நம் நாட்டில்

இவ்வரலாறு மலேசியத் தமிழருக்கு அயலானதன்று. இந்நாட்டு நீதிமன்ற மரபு ஆங்கிலேயரிடமிருந்து வந்தது. ஆனால் இங்கே இரு கிளைகள் இல்லை; ஒருவரே வாதாடுபவராகவும் சொலிசிட்டராகவும் விளங்குகின்றார். 1976ஆம் ஆண்டு வழக்குரைஞர் தொழிற்சட்டப்படி, ஒன்பது திங்கள் மூத்த வழக்குரைஞர் ஒருவரிடம் பயின்ற பின்னரே தொழிலுக்குள் நுழைய முடியும்.

அதே 1976ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. முசுலிம் அல்லாதாருக்குரிய இச்சட்டத்தில் ஆங்கிலச் சட்டத்தின் சாயல் தெளிவாகத் தெரிகின்றது. மணவாழ்வு மீட்கவியலாதபடி சிதைந்தமையே இங்கும் அடிப்படை. ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமாயிற்று. திருமணத்தைப் பதிவு செய்தல் கட்டாயமாயிற்று. கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று எண்ணியிருந்த தோட்டப்புறத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு இஃது எத்துணைப் பெரிய மாற்றம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஒருதலையாக மணவிலக்குக் கோருவோர், சில விலக்குகள் நீங்கலாக, முதலில் சமரசக் குழுவை நாட வேண்டும் என்பதும் விதி. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருத்தல் நன்று என்று கருதப்படும். தக்க சான்று காட்டி அதனை மறுக்கவும் இடமுண்டு.

சொத்துப் பங்கீட்டிலும் மாற்றம் வந்தது. ஒருவர் தனியே உழைத்துத் தேடிய சொத்தில் அவருக்கே கூடுதல் பங்கு என்றிருந்த பழைய விதி 2017இல் திருத்தப்பட்டு, 2018 டிசம்பர் 15 முதல் புதிய விதி வந்தது. இல்லத்தையும் பிள்ளைகளையும் பேணிய மனைவியின் உழைப்பை நீதிமன்றம் முன்னினும் விரிவாக எண்ணிப்பார்க்க அது வழி செய்தது. இத்திருத்தத்தை அறியாத வழக்குரைஞரிடம் செல்லும் இல்லத்தரசியின் நிலை, 1971இல் பழைய விடையைப் பெற்ற ஆங்கிலப் பெண்ணின் நிலையே ஆகும்.

ஆசிரியர்களுக்கு இது புரியாத செய்தியன்று. 1983இல் தொடக்கப்பள்ளிகளில் புதிய கலைத்திட்டம் வந்தபோதும், 2011இல் மீண்டும் மாறியபோதும், பல்லாண்டு கற்பித்தோர் பயிற்சிக் கூடங்களில் மாணவராய் அமர்ந்தனர். பழைய பாடமுறையைப் பற்றிக்கொண்டு நின்றால் இழப்பு ஆசிரியருக்கு அன்று. எதிரில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கே. வழக்குரைஞரின் மேசைக்கு எதிரேயும் அவ்வாறே ஒருவர் அமர்ந்திருக்கின்றார். அவர் சட்டம் படித்தவரல்லர். எதிரில் இருப்பவர் படித்திருப்பார் என்று நம்பி வந்தவர்.

1836இல் முதல் தேர்வுத்தாளை எழுதிய இளைஞர் முதல் இன்றைய பயிலரங்கில் அமரும் மூத்தோர் வரை, இத்தொழில் கற்றுக்கொண்ட பாடம் அந்த நம்பிக்கைக்கு ஈடு செய்வதே. கற்றவர் எனும் பெயர் ஒருமுறை பெற்று வைத்துக்கொள்ளும் சொத்தன்று. சட்டம் மாறும்தோறும் மீண்டும் மாணவராகி ஈட்ட வேண்டிய பெயராகும்.